மார்ச் 20, சிகாகோ: ஒரு தேதியின் ஒளியும் வானிலையும்

ஊரையும் தேதியையும் சொன்னால் போதும். அன்றைய இயல்பான வெப்பநிலை, இதுவரை பதிவான உச்சம், அது பதிவான ஆண்டு, மழை, பனி, சூரிய உதயம், அஸ்தமனம், பகல் நீளம் என்று எல்லாம் ஒரே அட்டவணையில் வந்து விழும் காலம் இது. பயணம் போகிறவரும் திறந்தவெளியில் திருமணம் வைப்பவரும் விதைப்புக்கு நாள் பார்ப்பவரும் அதைத்தான் நம்புகிறார்கள். பக்கம் பக்கமாக ஒரே எழுத்தில் அச்சாகி நிற்பதால் இந்த எண்கள் எல்லாம் ஒரே தரத்தவை என்று தோன்றிவிடுகிறது. பகல் நீளம் கணக்கில் பிறந்த எண். இன்னும் நூறு ஆண்டு கழித்து வரப்போகும் அதே தேதிக்கும் அதை இன்றே எழுதிவைக்கலாம். வெப்பநிலையோ யாரோ ஒருவர், ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு கருவியைப் பார்த்துக் குறித்துவைத்த எண். இடம் மாறினால் அதுவும் மாறும். குறித்த நேரம் மாறினாலும் மாறும்.

இந்த வேறுபாட்டைப் பார்க்க இளவேனிலின் வாசலில் நிற்கும் ஒரு தேதி வசதியானது. குளிர்காலத்தின் நடுவிலும் கோடையின் நடுவிலும் ஒளியும் வெப்பமும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். மார்ச் 20 வாக்கில் இரண்டும் நகர்ந்துகொண்டிருக்கும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. ஊராகச் சிகாகோவை எடுத்துக்கொள்ளலாம். 1870களிலிருந்து அங்கே வானிலைப் பதிவு இருக்கிறது. பக்கத்திலேயே மிச்சிகன் ஏரி என்னும் பெருநீர்ப்பரப்பு கிடக்கிறது. அமெரிக்காவின் கடிகாரங்களை ஒழுங்குபடுத்திய முடிவும் அந்த ஊரில்தான் எடுக்கப்பட்டது.

ஒளியின் கணக்கு

மார்ச் 20 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது. பகலும் இரவும் சரிசமம், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று பள்ளியில் படித்திருப்போம். சிகாகோவில் அன்று பகலின் நீளம் ஏறத்தாழ 12 மணி 9 நிமிடம். இந்த ஒன்பது நிமிடம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, சூரியனின் மேல் விளிம்பு தொடுவானில் தெரிந்த கணத்தையே உதயம் என்றும், அதே விளிம்பு மறையும் கணத்தையே அஸ்தமனம் என்றும் கணக்கிடுகிறார்கள். கணக்கு சூரிய வட்டத்தின் நடுப்புள்ளிக்கு அல்ல. இரண்டு, காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், தொடுவானுக்குக் கீழே இருக்கும் சூரியனே நம் கண்ணுக்கு மேலே தெரிகிறது. வட்டத்தின் பாதிக்கு 16 கலை, ஒளிவிலகலுக்கு 34 கலை, ஆக 50 கலை. ஒரு பாகையில் ஆறில் ஐந்து பங்கு. நிலநடுக்கோட்டில் இது பகலை ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நீட்டும். சிகாகோ 42 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் அங்கே சாய்வாக ஏறுகிறது. அதே 50 கலையைக் கடக்க அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

ஆகவே பகலும் இரவும் உண்மையிலேயே சமமாகும் நாள் சிகாகோவுக்கு மூன்று நாள் முன்னதாக, மார்ச் 17 வாக்கில் வந்துபோய்விடுகிறது. அந்த நாட்களில் பகல் ஒவ்வொரு நாளும் 2 நிமிடம் 50 வினாடி அளவுக்கு நீள்கிறது. ஒரு வாரத்தில் இருபது நிமிடம். ஆண்டிலேயே பகல் வேகமாக வளரும் காலம் இதுதான். சென்னையில் அதே நாட்களின் வளர்ச்சி முக்கால் நிமிடம்கூட இருக்காது. வடக்கே இருப்பவர்கள் இளவேனிலை ஒரு நிகழ்ச்சியாகவே கொண்டாடுவதற்குக் காரணம் இந்த வேகம்தான்.

தேதியிலும் ஒரு சிறு நழுவல் உண்டு. ஆண்டின் நீளம் முழு நாட்களில் அடங்காமல் கால் நாள் அளவுக்கு மிஞ்சுவதால், சூரியன் நடுக்கோட்டைக் கடக்கும் கணம் ஆண்டுதோறும் ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். லீப் ஆண்டு வந்ததும் திரும்ப இழுக்கப்படும். 2012இல் சிகாகோ நேரப்படி அது மார்ச் 20 பிறந்து கால் மணிக்குள் நிகழ்ந்தது. 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் மார்ச் 19 இரவே நிகழ்ந்துவிட்டது. ஐரோப்பாவில் 1582இல் நாட்காட்டியிலிருந்து பத்து நாட்களை வெட்டி எறிந்தது, லீப் ஆண்டுகள் முழுதாகச் சரிசெய்யாமல் விட்ட நழுவலுக்காகத்தான். சம பகலிரவு நாளை மார்ச் 21க்குப் பக்கத்தில் நிறுத்துவது அதன் நோக்கம்.

சிகாகோவின் தெருக்கள் நேர் வடக்கு தெற்காகவும் நேர் கிழக்கு மேற்காகவும் போடப்பட்டவை. அதனால் இந்த நாட்களில் மாலைச் சூரியன் மேற்குத் தெருக்களின் கடைசியில், இருபுறக் கட்டடங்களுக்கும் நடுவில் சரியாக இறங்கும். படம் எடுக்கக் கூட்டம் கூடும். வானம் மூடியிருந்தால் கூட்டம் ஏமாந்து திரும்பும். கணக்கு பொய்க்காது, மேகத்துக்குக் கணக்கு கிடையாது. பகல் நேரம் வேறு, வெயில் நேரம் வேறு. வெயில் நேரத்தை அளக்கத் தனிக் கருவிகளே வந்தன. கேம்பல் 1853இல் தொடங்கி, ஸ்டோக்ஸ் 1879இல் செம்மைப்படுத்திய கண்ணாடி உருண்டை அவற்றில் பேர்பெற்றது. உருண்டை வழியே குவியும் வெயில், பின்னால் செருகிய அட்டையைச் சுட்டுக் கோடு போடும். மேகம் வந்தால் கோடு அறும். மாலையில் அட்டையை எடுத்துக் கருகிய நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் தெரியும்.

ஒளி மாறாது, மணி மாறும்

பகலின் நீளம் நிலையானது என்றால் உதய நேரமும் நிலையானதாக இருக்க வேண்டுமே? அங்கேதான் சட்டம் நுழைகிறது. 1883 அக்டோபரில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் சிகாகோவில் கூடி, ஊருக்கு ஒரு நேரம் என்ற குழப்பத்தை ஒழித்து, நாட்டைச் சில நேர மண்டலங்களாகப் பிரிக்க முடிவெடுத்தன. அந்த ஆண்டு நவம்பர் 18 நண்பகலில் கடிகாரங்கள் திருத்தப்பட்டன. அதற்கு முந்தைய பதிவேட்டில் இருக்கும் மணி, சிகாகோவின் சூரியனை ஒட்டிய மணி. பிந்தையது ரயில் மணி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது நிமிட வேறுபாடு.

பிறகு 1918இல் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் கோடைக்கால நேரம் வந்தது. 1936இல் மார்ச் தொடங்கி நவம்பர் நடுவரை சிகாகோ கிழக்கு மண்டல நேரத்தையே வைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 பிப்ரவரியிலிருந்து 1945 வரை ஆண்டு முழுவதும் முன்தள்ளிய நேரம். எண்ணெய் நெருக்கடியால் 1974இல் ஜனவரியிலேயே முன்தள்ளினார்கள். 2007 முதல் மார்ச்சின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே மாற்றம் வந்துவிடுகிறது. இதன் விளைவாக 2006இல் மார்ச் 20 அன்று காலை 5.54 வாக்கில் எழுந்த சூரியன், 2007இல் அதே தேதியில் 6.54 வாக்கில் எழுந்ததாக அட்டவணை காட்டும். சூரியனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பழைய ஆண்டுகளை ஒப்பிடுகிறவர் மணியை விட்டுவிட்டுப் பகலின் நீளத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கே, எப்போது, எதைக்கொண்டு

இனி அட்டவணையின் மறுபாதி. அமெரிக்கப் பேரேரிகளில் புயலால் கப்பல்கள் மூழ்கி உயிர்கள் போய்க்கொண்டிருந்த நிலையில், மில்வாக்கியைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் இன்கிரீஸ் லேபம் வானிலை எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1870 பிப்ரவரியில் சட்டம் வந்தது. பொறுப்பு ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் போனது. நவம்பர் 1 அன்று 24 நிலையங்கள் ஒரே நேரத்தில் அளவெடுத்துத் தந்தியில் அனுப்பின. ஒரு வாரத்தில், நவம்பர் 8 அன்று, பேரேரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையை லேபம் சிகாகோவிலிருந்து விடுத்தார். 1891இல் இந்தப் பணி ராணுவத்திடமிருந்து குடிமைத் துறையின் வானிலைப் பணியகத்துக்கு மாறியது.

1870கள் முதல் இன்றுவரை 'சிகாகோ' என்று ஒரே பெயரில் ஓடும் பதிவு, ஒரே இடத்தில் எடுக்கப்பட்டது அல்ல. நகரின் மையத்தில் தொடங்கி, 1926இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு, 1942இல் மிட்வே விமான நிலையத்துக்கு, 1980 ஜனவரியில் ஓஹேர் விமான நிலையத்துக்கு என்று அதிகாரபூர்வ அளவீட்டு இடம் நகர்ந்திருக்கிறது. முதல் இரண்டும் ஏரிக்குப் பக்கம். ஓஹேர் உள்ளே தள்ளி இருக்கிறது. மார்ச் மாதத்தில் இது சிறிய விஷயமே அல்ல. அப்போது ஏரி நீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும். தெளிந்த பகலில் தரை சூடேறியதும் ஏரிக்காற்று கரையேறும். கரையில் நிற்பவர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொள்வார். சில மைல் மேற்கே இருப்பவர் அதைக் கழற்றிக் கையில் வைத்திருப்பார். வானிலை அறிவிப்பில் 'ஏரியோரம் குளிர்ச்சி' என்பது அந்த ஊரில் அன்றாட வாசகம். ஆகவே 1930களின் மார்ச் 20ஐயும் 1990களின் மார்ச் 20ஐயும் அருகருகே வைக்கும்போது, காலத்தோடு இடத்தையும் சேர்த்தே ஒப்பிடுகிறோம்.

அளந்த நேரமும் ஒரு பொறி வைத்திருக்கிறது. அமெரிக்கா முழுவதும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் நாளுக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவிட்டு, அதை மறுநாளைக்குத் தயாராக்கிவைப்பார்கள். மாலை ஐந்து மணிக்குப் பார்க்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கடும் வெயில் நாளில் ஐந்து மணிக்கும் சூடு தணிந்திருக்காது. அவர் கருவியைத் தயாராக்கும் அந்த நொடியின் சூடே மறுநாள் கணக்கின் தொடக்கம். இரவோடு குளிர் இறங்கி மறுநாள் முழுவதும் குளிராகவே கழிந்தாலும், கருவி முதல் நாள் மாலைச் சூட்டையே மறுநாளின் உச்சமாகக் காட்டும். ஒரே வெயில் இரண்டு தேதிகளில் ஏறிவிடும். காலையில் பார்க்கிறவரிடம் இதுவே தலைகீழாகி, ஒரே குளிர் இரண்டு நாளாகும். இருபதாம் நூற்றாண்டின் போக்கில் பலர் மாலையிலிருந்து காலைக்கு மாறியதால், பழைய பதிவு சூடாகவும் புதிய பதிவு குளிராகவும் சாய்ந்தது. நீண்டகாலப் போக்கை ஆராய்பவர்கள் இந்தச் சாய்வை நீக்கிவிட்டே கணக்கைத் தொடங்குகிறார்கள். ஒற்றைத் தேதியைத் தேடுகிறவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் திருத்தாத எண்.

கருவியும் மாறிவந்தது. நேர்வெயில் படாதபடி வெப்பமானியை வைக்க வெள்ளை மரச்சட்டப் பெட்டியை 1864 வாக்கில் வடிவமைத்தவர் ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். அதன் வழிவந்த பெட்டிகளும் கண்ணாடி வெப்பமானிகளும் நெடுங்காலம் ஆண்டன. 1980களில் மின்னணு உணரிகளும் 1990களில் விமான நிலையங்களில் தானியங்கி நிலையங்களும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

இன்னொரு வகைத் தரவும் இப்போது சந்தையில் இருக்கிறது. நிலையம் இல்லாத ஊருக்கும் இல்லாத ஆண்டுக்கும் எண் தர, கிடைத்த அளவீடுகளைக் கணினி மாதிரியில் ஊட்டி உலகம் முழுவதற்கும் கட்டம் கட்டமாகப் பழைய வானிலையை மறுகட்டுமானம் செய்கிறார்கள். ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ5 இதில் முதன்மையானது. 1940 முதல் உண்டு. கட்டத்தின் அகலம் சுமார் 31 கிலோமீட்டர். காற்றோட்டத்தின் பெரும்படத்துக்கு இது அருமையான கருவி. ஏரிக்கரைக்கும் உள்ளூருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரே கட்டத்துக்குள் கரைந்துபோகும். அட்டவணையில் இருக்கும் எண் நிலையத்திலிருந்து வந்ததா, கட்டத்திலிருந்து வந்ததா என்று கேட்காமல் அதை எடுத்தாளக் கூடாது.

ஒரே ஒளி, இரண்டு வானிலை

மார்ச் 20க்கும் செப்டம்பர் 22க்கும் சிகாகோவில் ஒளியைப் பொறுத்தவரை ஏறக்குறைய வேறுபாடே இல்லை. நண்பகல் சூரியன் இரண்டு நாளும் 48 பாகை உயரத்தில் நிற்கும். பகலின் நீளமும் ஒன்றே. ஆனால் பகலின் இயல்பான உச்ச வெப்பநிலை மார்ச்சில் சுமார் 9 டிகிரி செல்சியஸ், செப்டம்பரில் சுமார் 23. இந்தப் பதினான்கு டிகிரியையும் அன்றைய சூரியன் தரவில்லை. முந்தைய மூன்று மாதங்களில் தரையும் ஏரியும் சேர்த்த சூடும் இழந்த சூடும்தான் தந்தன. மார்ச்சில் வரும் வெயிலின் ஒரு பகுதி எஞ்சிய பனியை உருக்கவும், ஈர மண்ணை உலர்த்தவும், ஏரியைச் சூடாக்கவும் செலவாகிறது. ஒளி இன்றைய கணக்கு. வெப்பம் பழைய பாக்கியோடு வரும் கணக்கு.

இந்தத் தேதியைச் சுற்றியுள்ள வானிலை இவ்வளவு முரடாக இருப்பதற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. கனடாப் பக்கம் இன்னும் குளிர்காலம். மெக்சிகோ வளைகுடாப் பக்கம் கோடை தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே மலைத்தடுப்பு இல்லாத சமவெளி. 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களையும் 219 மைல் நீளத்துக்குக் கிழித்துச் சென்ற சுழற்காற்று 695 பேரைக் கொன்றது. 1930 மார்ச் 25, 26 தேதிகளில் சிகாகோவில் 19.2 அங்குலம், அதாவது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பனி கொட்டியது. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தைச் சுழற்காற்று முன்னறிவிப்பின்றித் தாக்கியது. அதே போன்ற சூழல் மீண்டும் கூடுவதை மார்ச் 25 அன்று வரைபடங்களில் கண்ட பாபுஷ், மில்லர் என்ற இரு ராணுவ வானிலை அதிகாரிகள் சுழற்காற்று வரலாம் என்று அறிவித்தார்கள். அன்று மாலையே அது அதே தளத்தில் வந்திறங்கியது. இன்றைய சுழற்காற்று முன்னறிவிப்பு முறை அந்த ஐந்து நாளில் பிறந்தது. இப்படிப்பட்ட நாட்களைச் சராசரியில் சேர்த்தால் அவை ஒரு புள்ளிகூட அசைக்காமல் மறைந்துபோகும்.

இயல்பும் உச்சமும்

'இயல்பு' என்று அட்டவணை சொல்வது முப்பது ஆண்டுச் சராசரி. இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரை. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். முப்பது மார்ச் 20களைக் கூட்டி முப்பதால் வகுத்தால் வரும் எண்ணை அப்படியே தருவதில்லை. முப்பது எண்கள் மட்டும் இருந்தால் பக்கத்துப் பக்கத்து நாட்களின் சராசரி மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆகவே ஆண்டின் ஓட்டத்தைக் கணித முறையில் மழமழப்பாக்கி அதிலிருந்து அந்த நாளின் எண்ணை எடுக்கிறார்கள். அது எந்த ஆண்டிலும் அப்படியே நிகழ்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

உச்சப் பதிவுக்கு இந்த மழமழப்பும் கிடையாது. ஒரு தேதிக்கு ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு. காலநிலை மாறாமல் இருந்தால், பதிவின் முதல் ஆண்டில் எது வந்தாலும் அது சாதனை. இரண்டாம் ஆண்டில் முறியடிக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. நூறாவது ஆண்டில் நூறில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 150 ஆண்டில் ஒரு தேதிக்கு, முதல் ஆண்டையும் சேர்த்து, ஐந்தாறு தடவைதான் சாதனை வந்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு தேதிகளின் உச்சங்களுக்குள் பல டிகிரி வேறுபாடு இருப்பதற்கு அந்தத் தேதிகளின் குணம் காரணமல்ல. எந்த ஆண்டின் அனல் எந்த நாளில் வந்து விழுந்தது என்பதே காரணம். தனித் தேதியின் சாதனை செய்திக்கு உதவும். காலநிலை மாறுகிறதா என்று கேட்கிறவர் எல்லாத் தேதிகளையும் எல்லா நிலையங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணியபோது, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அமெரிக்காவில் சூட்டுச் சாதனைகள் குளிர்ச் சாதனைகளைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வந்தது தெரிந்தது. மாறாத காலநிலையில் இரண்டும் சமமாக இருந்திருக்கும்.

2012 மார்ச்

இவை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து மோதியது 2012இல். அந்தக் குளிர்காலத்தில் பனி குறைவு. தரை வெறுமையாகக் கிடந்தது. மார்ச் நடுவில் கிழக்கு அமெரிக்காவின் மேல் உயரழுத்த மண்டலம் ஒன்று நகராமல் நின்றுகொண்டு, வளைகுடாவின் வெப்பக் காற்றை வடக்கே இழுத்தது. சிகாகோவில் அதற்கு முந்தைய 140 ஆண்டுகளில் மார்ச் மாதத்தில் 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்ட நாட்கள் மொத்தம் பத்து. அந்த ஒரு மாதத்தில் மட்டும் எட்டு. மார்ச் 21 அன்று 87 டிகிரி, அதாவது 30.6 செல்சியஸ், இயல்பைவிட இருபது டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடுதல். மின்னசோட்டாவின் ரோசெஸ்டரில் மார்ச் 18 அன்று பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 62 பாரன்ஹீட். அந்தத் தேதிக்கு அதுவரை இருந்த அதிகபட்சச் சாதனை 60. இரவின் குளிர், பழைய பகல் உச்சத்தைத் தாண்டிவிட்டது. நாடு முழுவதும் அந்த மாதத்தில் முறிந்த சூட்டுச் சாதனைகள் 15,000க்கும் மேல்.

பகலின் நீளமோ அந்த வாரமும் கணக்கிட்டதைவிட ஒரு வினாடி கூடவில்லை, குறையவில்லை. பூ விடும் நேரத்தைப் பழமரங்கள் பகலின் நீளத்தைக் கொண்டு முடிவுசெய்வதில்லை. குளிரில் கழித்த நேரமும் பிறகு சேரும் சூடும்தான் அவற்றுக்குக் கணக்கு. மிச்சிகனின் செர்ரி, ஆப்பிள் தோட்டங்கள் வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரலில் உறைபனி, அது வழக்கமாக வரும் காலத்திலேயே வந்தது. புளிப்புச் செர்ரி விளைச்சலில் சுமார் 90 விழுக்காடு போயிற்று. ஆப்பிளும் பெரும்பாலும் அழிந்தது. சூட்டுச் சாதனையை விட விவசாயியைக் கெடுத்தது, சூடு ஒரு தேதியிலும் உறைபனி வேறொரு தேதியிலுமாக ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றதுதான். அடுத்த ஆண்டு மார்ச் இயல்பைவிடக் குளிராகக் கழிந்தது.

தேதியை எப்படிப் படிப்பது

ஒரு நாளின் அட்டவணையை வாங்கிப் பார்க்கிறவர் முதலில் அதை இரண்டாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். ஒளிப் பகுதியை அப்படியே நம்பலாம். மணியை மட்டும் அந்த ஆண்டின் சட்டத்தோடு சரிபார்க்க வேண்டும். வானிலைப் பகுதிக்கு நிலையம் எது, எந்த ஆண்டு முதல், எத்தனை இடம் மாறியது, எந்த மணிக்கு அளந்தது என்ற கேள்விகள் உண்டு. அதன் பிறகும் ஒற்றைத் தேதியோடு நிற்கக் கூடாது. மார்ச் 20ஐத் தெரிந்துகொள்ள, முன்னும் பின்னும் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பதினைந்து நாட்களை எடுத்தால், முப்பது ஆண்டில் 450 நாட்கள் கிடைக்கும். பக்கத்து நாட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்றாலும், முப்பதைவிட இது எவ்வளவோ மேல். அந்த 450இல் நடுவே எது, பத்தில் ஒரு பங்கு குளிர்நாட்கள் எதற்குக் கீழே, பத்தில் ஒரு பங்கு வெப்பநாட்கள் எதற்கு மேலே என்ற மூன்று எண்கள், சராசரியும் சாதனையும் சேர்ந்து சொல்வதைவிடப் பயணிக்கும் விவசாயிக்கும் அதிகம் உதவும்.

2112 மார்ச் 20 அன்று சிகாகோவில் பகல் 12 மணி 9 நிமிடம் அளவில் இருக்கும். கடிகாரம் அப்போது என்ன மணி காட்டும் என்பது அன்றைய நாடாளுமன்றத்தின் கையில். வெப்பநிலையைப் பற்றி இன்று எழுதக்கூடியது ஒரு வீச்சு மட்டும். அந்த வீச்சும் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அன்று தெரிய வேண்டுமானால், இன்றைய அளவை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், விடாமல் எழுதிவைக்க ஆள் வேண்டும்.